வெள்ளத்தில் மிதந்த ஆல்ட்டோவைத் திரும்ப ஓட வைத்த கதை

தண்ணி வடிந்த காரில் முதலில் கை வைக்கவேண்டிய இடம் பற்றரி. அதிலும் கறுப்பு வயர். 10 இலக்க ஸ்பானர் ஒன்று போதும், ஒரு நிமிச வேலை. கார்த் திறப்பு வீட்டு அலுமாரிக்குள்ளேயே கிடக்கட்டும். எங்கள் ஒழுங்கையில் அன்று நனைந்த கார்கள் எல்லாவற்றுக்கும் தண்ணி ஒரே தண்ணிதான். எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்பதை அந்தத் திறப்பு எப்போது திருகப்பட்டது என்பதே தீர்மானித்தது.

கார் அத்தானுடையது, ஆல்ட்டோ 800. வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில். கேற்றுக்குள் இடமில்லாததால் எப்போதும் வெளி மதிலோரம்தான் நிற்கும். மாரி காலத்தில் அங்கே கணுக்காலளவு தண்ணி நிற்பது யாருக்கும் புதினமில்லை. பெரிய வீதியை உயர்த்திப் போட்ட பிறகு ஒழுங்கை பள்ளமாகிவிட்டது, கானும் கடற்கரை மணலில் போய் முட்டி நிற்கிறது. ஆனால் அன்று விடியப்புறம் கொட்டிய மழை வேறு சாதி. கானுக்குள் பிளாஸ்டிக் போத்தலும் தேங்காய்ப் பொச்சும் அடைத்துக்கொள்ள, வீதிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணியும் சேர்ந்து ஒழுங்கைக்குள் பாய்ந்தது. வீட்டுக்காரர்கள் அரிசிச் சாக்கையும் சாமிப்படத்தையும் மேலே தூக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்க்கும்போது வெளியே இடுப்பளவு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டு மூதூர்ப் பக்கம் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். அது மகாவலித் தண்ணி, மேலேயிருந்து இறங்கி வர நேரமெடுக்கும், அதற்குள் ஒரு அறிவித்தலாவது காதில் விழும். ஒழுங்கை வெள்ளத்துக்கு அறிவித்தல் கிடையாது. வந்ததும் தெரியாது, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போனதும் தெரியாது. விடிந்து பார்த்தால் மதிலோரம் நின்ற கார் ஒழுங்கைக்குக் குறுக்கே, முன்வீட்டுப் படலையில் பின்பக்கத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஹாண்ட்பிறேக் இழுத்தபடியே இருக்கிறது.

அத்தான் யாரோ தள்ளியிருக்கிறார்கள் என்றார். யாரும் தள்ளவில்லை, கணக்குப் போட்டால் விளங்கும். ஆல்ட்டோ சுமார் 700 கிலோ. 700 லீற்றர் தண்ணியை விலக்கினால் அது மிதக்கும். அடித்தட்டு ஏறத்தாழ 5 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் 14 சென்ரிமீற்றர் ஏறினாலே 700 லீற்றர் ஆகிவிடும். நிலத்துக்கும் அடித்தட்டுக்கும் இடையில் 16 சென்ரிமீற்றர். கூட்டினால் 30, முழங்காலுக்கும் கீழே. கதவு றப்பர் வழியாகவும் அடித்தட்டு ஓட்டைகள் வழியாகவும் உள்ளே தண்ணி புகுந்து கனம் ஏறும்வரை கார் ஓடம்தான். உள்ளே நிறைந்த பிறகு இறங்கிக் குந்திவிடும். பின் பம்பரில் ஒரு நசுங்கல், படலையில் ஒரு வளைவு, அவ்வளவோடு போயிற்று.

கதவில் சேற்றுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. இருக்கைக்கு மேலே, டாஷ்போர்டின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே. கழுவுவதற்கு முன் அந்தக் கோட்டை உள்ளேயும் வெளியேயும் எல்லாப் பக்கமும் படம் பிடித்தோம். பிறகு எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்த்தோம். கோட்டுக்குக் கீழே இருந்தது எல்லாம் கழற்றவேண்டியது. காப்புறுதி எடுத்தவர்களுக்கும் முதல் வேலை இந்தப் படம்தான். முழுக் காப்புறுதி என்றால் வெள்ளமும் அடக்கம் என்று நினைத்துவிடக்கூடாது. பத்திரத்தில் இயற்கை அனர்த்தம் என்ற வரி இருக்கிறதா என்று தேடவேண்டும். அத்தானிடம் இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. ஆகவே தேட ஒன்றுமில்லை, சட்டையை மடித்துவிட்டோம்.

இரண்டு வீடு தள்ளி ஒரு தம்பியின் கார் எங்களுடையதைவிட மேட்டில் நின்றது. அதற்குத் தண்ணி பொனட்டின் பாதிதான். வடிந்ததும் வந்து, "ஒருக்கா அடிச்சுப் பாப்பம்" என்று திறப்பைத் திருகினார். ஒரு உறுமல், பிறகு டக் என்று ஒரு அடி, அதோடு அமைதி. காற்றை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் தண்ணி நின்றால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் வளைவது பிஸ்டனைத் தள்ளும் தண்டு, கொனெக்ரிங் றொட். எயார் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்கிய தண்ணி, எஞ்சின் இழுத்தவுடன் உள்ளே போயிருக்கும். குறைவாக நனைந்த கார் எஞ்சின் இறக்கும் நிலைக்குப் போனது இப்படித்தான்.

அத்தானும் சும்மா இருக்கவில்லை. "தம்பி, ஒரே ஒரு தரம்?" என்றார்.

"பற்றரி வயர் கழட்டியாச்சு அத்தான். இனி நீங்கள் எத்தின தரம் வேண்டுமென்டாலும் திருகுங்கோ."

வயரைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறப்புப் போடாவிட்டாலும் சில வயர்களில் எந்நேரமும் 12 வோல்ற் நிற்கும். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால், வயர்களை ஒன்றோடொன்று பூட்டும் கப்ளருக்குள் இருக்கும் செப்பு ஊசிகள் கரையத் தொடங்கும். உப்புக் கலந்த ஈரமென்றால் இன்னும் வேகம். பிறகு ஒவ்வொரு கப்ளராகத் திறந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். இடதுபக்கக் கால்மாட்டில் இருந்த ஒன்றில் ஒரே ஒரு ஊசியில் மட்டும் பச்சைப் பொடி பூத்திருந்தது, பக்கத்து ஊசிகள் பளபளவென்று இருந்தன. பொடி பூத்தது பற்றரியிலிருந்து நேரே வரும் வயர். வயர் கழற்றுவதற்கு முந்திய சில மணித்தியாலத்துக்குள் நடந்தது அது.

காரை நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளும்போது பின்சில்லு ஒன்று சுற்ற மறுத்தது. ஹாண்ட்பிறேக்கை விட்டும் பிறேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டிரம்மைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டினால் விட்டுவிடும். அதன்பிறகு சில்லுக்குக் கல் வைத்தோம், ஹாண்ட்பிறேக் இழுக்கவே இல்லை. கிளட்ச் மிதியையும் அமுக்கி ஒரு தடியால் முட்டுக்கொடுத்து வைத்தோம். ஈரத்தோடு சும்மா கிடந்தால் கிளட்ச் தட்டு பிளைவீலில் துருவேறி ஒட்டிப்பிடிக்கும், அதைப் பிரிக்கக் கியர்ப்பெட்டியையே இறக்கவேண்டி வரும்.

எஞ்சினைப் பற்றி எல்லோரும் பயந்தார்கள். உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் லேசான வேலை. எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் சேறு, ஃபில்டரின் கீழ்ப்பாதி ஈரம், எஞ்சினுக்குப் போகும் குழாய் காய்ந்திருந்தது. நல்ல சகுனம். பிளக் மூன்றையும் கழற்றி, பிளக் ஓட்டைகளை ஒரு துணியால் மூடினோம். பிறகு ஒரு முன்சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்தி, ஐந்தாம் கியரில் போட்டு, சில்லைக் கையால் சுற்றினோம். முன்சில்லு இழுக்கும் மனுவல் கியர்க் காரில் பற்றரி இல்லாமல் எஞ்சினைத் திருப்ப இது வசதியான வழி. அதற்கு முன் முட்டுக்கொடுத்த தடியை எடுக்க மறக்கக்கூடாது, கிளட்ச் அமுங்கியிருந்தால் சில்லு மட்டும்தான் சுற்றும். எஞ்சின் தடங்கல் இல்லாமல் சுற்றியது, துணியில் ஒரு சொட்டும் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு இன்னும் சில சுற்று.

எஞ்சினின் அடியில் ஒயில் இறக்கும் சம்ப் போல்றைத் தளர்த்தியபோதுதான் எல்லோரும் குனிந்து பார்த்தோம். முதலில் வந்தது தண்ணி. கலங்கிய மண்ணிறத்தில் ஒரு அரைப் போத்தல் அளவு. அது தீர்ந்ததும் கறுத்த ஒயில், அதன் நிறம் கொஞ்சமும் மாறாமல். ஒயில் தண்ணியைவிட லேசு. எஞ்சின் ஓடாதவரை தண்ணி அடியில் போய்ப் படுத்திருக்கும், போல்றைத் திறந்தால் தானாக இறங்கிவிடும். ஓடிய எஞ்சினில் இரண்டும் அடிபட்டுக் கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் வரும், அது பெயாரிங்குகளுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தம்பியின் காரில் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தோம், அந்த நிறம்தான்.

கியர்ப்பெட்டி ஒயிலையும் இறக்கினோம். அதன் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணி போயிருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சத்தம் வர மாதக்கணக்கு எடுக்கும், வந்தபிறகு வெள்ளத்தின் ஞாபகமே யாருக்கும் இருக்காது.

இனி உள்பக்கம். இங்கேதான் எங்கள் நேரமெல்லாம் போனது. வெள்ளத்தில் நின்ற ஒரு காரை வாங்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், எஞ்சினைக் கேட்டுப் பார்க்கச் சொல்லமாட்டேன், கார்பெட்டைக் கிளப்பிப் பார்க்கச் சொல்வேன். இருக்கைகளை போல்ற் கழற்றி வெளியே எடுத்தோம். நடுக் கொன்சோல், கதவடிப் பிளாஸ்டிக் எல்லாம் கழன்றன. கார்பெட்டை மேலே தொட்டால் ஈரம்தான், பயப்படும்படி ஒன்றும் இல்லை. தூக்கித் திருப்பினால் அடியில் ஒட்டிய பஞ்சுத் தடிப்பு. அதை ஒரு கையால் பிழிந்தேன், முழங்கைவரை சேற்றுத்தண்ணி ஓடியது. காரைக் கழுவி, கதவைத் திறந்து ஒரு நாள் வெயிலில் விட்டால் மேற்பரப்பு காய்ந்துவிடும், இந்தப் பஞ்சு ஒரு மாதமானாலும் காயாது. அதற்குக் கீழே இருப்பது அடித்தட்டுத் தகரம், வயர்க்கட்டு, காரின் தகரக் கூட்டில் முறுக்கிய ஏத் வயர் (மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி) ஆணிகள். நாற்றம் வருவதும் இங்கேயிருந்துதான், தகரம் உக்குவதும் இங்கேதான்.

அடித்தட்டில் வட்ட றப்பர் மூடிகள் இருக்கும். அவற்றை உள்ளேயிருந்து நெம்பி எடுத்தால் தேங்கிய தண்ணி நேரே நிலத்துக்குப் போய்விடும், வாளியால் அள்ளத் தேவையில்லை. கழுவும் தண்ணியில் மட்டும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் கடலுக்குக் கிட்ட இருப்பவை, வெயில் காலத்தில் வாயில் வைத்தால் உவர். அந்தத் தண்ணியால் தகரத்தையும் கப்ளரையும் கழுவினால் உப்பை நாமே கொண்டுபோய் வைத்தது போலாகும். குழாய்த்தண்ணி கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது, நன்னீர். அக்கா பில்லைப் பற்றி முணுமுணுத்தாலும் உள்பக்கம் முழுவதும் குழாய்த்தண்ணியால்தான் கழுவினோம். சேறு காய முன்பே கழுவ வேண்டும். காய்ந்த களி கப்ளருக்குள் போய் இறுகினால் பல்துலக்கும் பிறஸ்சாலும் எடுக்க முடியாது.

மார்கழி மழைக்கிடையில் எதையாவது காயவைப்பது தனிச் சோதனை. கார்பெட்டின் பஞ்சை முழுவதும் உரித்து எறிந்துவிட்டோம். சந்தையில் கிடைத்த புதுத் தடிப்பை வெட்டிப் பிறகு ஒட்டலாம் என்று. இருக்கைப் பஞ்சைப் போர்வையைக் கழற்றிக் கழுவி, பலகையால் அமுக்கிப் பிழிந்து, விறாந்தையில் நிமிர்த்தி வைத்து ஸ்ராண்ட் ஃபான் போட்டோம். காருக்கு மேல் தறப்பாள் கட்டி, கதவு நான்கையும் திறந்து, உள்ளே இன்னொரு ஃபான். வெயில் எட்டிப்பார்த்த நேரங்களில் தறப்பாளைச் சுருட்டிவிடுவோம். ஊரில் சிலர் ஹெயார் டிரையரைச் சொன்னார்கள். கப்ளர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், வேண்டாம்.

வயரிங் வேலைக்கு ஒரு பாஸ் வந்தார், உப்புவெளியில் கராஜ் வைத்திருப்பவர். வந்ததும் அவர் கேட்டது சேற்றுக்கோட்டின் படத்தை. அதைப் பார்த்துவிட்டு, எஞ்சினின் கொம்பியூட்டர் பெட்டி கோட்டுக்கு மேலே இருப்பதைத் தொட்டுக் காட்டினார். கப்ளரை இழுத்துப் பார்த்தோம், ஊசிகள் காய்ந்திருந்தன. அது நனைந்திருந்தால் கணக்கே வேறு. பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு கப்ளரையும் கழற்றி, கொன்ராக்ட் கிளீனர் அடித்து, பிறஸ் போட்டு, காற்றடித்துப் பூட்டினார். நான் டபிள்யூடி-40 போத்தலை நீட்டினேன். "அது போல்ற்றுக்கு நல்லம். கப்ளருக்குள்ள அடிச்சா பிசுக்குப் பிடிச்சு தூசியைக் கூட்டிக்கொண்டு வரும்" என்று திருப்பித் தந்துவிட்டார். ஏத் வயர் ஆணிகளைக் கழற்றி, கீழே தகரத்தை எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்து, திரும்ப முறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். வெள்ளத்துக்குப் பிறகு வரும் விசித்திரமான கோளாறுகளில் பாதி இந்த ஆணியிலிருந்துதான் வருமாம். பிறேக் மிதித்தால் சிக்னல் மினுங்குவது, ஹோர்ன் அடித்தால் லைற் மங்குவது, இந்த வகை.

சீற் பெல்ற் சுருளும் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. பட்டியைக் கழுவிவிடலாம், சுருளுக்குள் சேறு போனால் சடுதியாக இழுக்கும்போது பூட்டுமா பூட்டாதா என்று நம்பமுடியாது. அவற்றை மாற்றினோம். இந்தக் காரில் காற்றுப்பை இல்லை. இருக்கும் கார்களில் மஞ்சள் நிறக் கப்ளர் கண்டால் நாங்களாகத் தொடக்கூடாது, அதைப் பாஸிடமே விட்டுவிடவேண்டும்.

ஸ்ராட்டர் மோட்டரும் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ட்டநேற்றரும் கழன்று கராஜுக்குப் போயின. ஸ்ராட்டரைத் திறந்தபோது கார்பன் பிறஸ்சுக்குப் பக்கத்தில் மெல்லிய களி படிந்திருந்தது. கழுவி, காயவைத்து, பெயாரிங் மாற்றி வந்தது. டிரம்களைத் திறந்து சேற்றைத் தட்டினோம்.

ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் நின்ற ரொயோட்டா அக்வாவை, பெற்றோலோடு மின்மோட்டரிலும் ஓடும் ஹைபிரிட் காரை, பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் தொடவில்லை. அக்வாவின் ஹைபிரிட் பற்றரி பின்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது, எங்கள் சேற்றுக்கோட்டின்படி பார்த்தால் முழுதாகத் தண்ணிக்குள். அது 144 வோல்ற், ஓடும்போது அதைவிடப் பல மடங்கு உயர்த்தப்படும். செம்மஞ்சள் நிற வயர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கை வைக்க அதற்கென்று படித்தவரும் கையுறையும் வேண்டும். சில்லு நிலத்தில் படாமல் கரியரில் ஏற்றி அனுப்பச் சொன்னோம். முன்சில்லு சுற்றினால் உள்ளே மோட்டரும் சுற்றும், ஆகவே கயிறு கட்டி இழுப்பதும் சரிவராது. அவர்களிடம் முழுக் காப்புறுதி இருந்தது, அதைக் காப்புறுதிக்காரரிடமே விட்டுவிட்டார்கள்.

எல்லாம் பூட்டியபிறகு பெற்றோல் பார்த்தோம். எஞ்சின் பக்கத்தில் குழாயைக் கழற்றி, பம்பை ஓடவிட்டு, உள்ளே தெரியும் ஒரு போத்தலில் பிடித்து அசையாமல் வைத்தோம். தண்ணி இருந்தால் அடியில் தனியாக ஒரு படை நிற்கும். இல்லை. இதைத் திறந்த வெளியில், பீடி சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யவேண்டும். வேடிக்கை பார்க்க வந்த ஒருவரை இதற்காகவே கேற்றுக்கு அப்பால் அனுப்பினோம்.

புது ஃபில்டர், விலை குறைந்த ஒயில். முதல் ஒயில் கழுவுவதற்குத்தான், நல்லதை ஊற்றி வீணாக்கத் தேவையில்லை. பிளக் போடாமல் ஸ்ராட்டரால் சுற்றி ஒயிலை மேலே ஏற்றினோம், டாஷ்போர்டில் ஒயில் லைற் அணைந்தது. பிளக் போட்டுத் திறப்பைத் திருகியது அத்தான். கொஞ்சம் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஒயிலை மறுபடி இறக்கினோம். லேசாக மங்கியிருந்தது. அதையும் எறிந்துவிட்டுச் சரியான ஒயிலை ஊற்றினோம்.

பிறகு வந்த சில்லறைகள்: ஹோர்ன் செத்தது. பின் இடது லைற் கப்ளரில் மறுபடி பச்சை பூத்தது, பாஸ் அந்தக் கப்ளரை வெட்டி வயரை ஈயம் வைத்து ஒட்டிவிட்டார். நாற்றம் ஒரு மூலையில் மட்டும் போகாமல் இருந்தது. தேடிப்பார்த்தால் ஸ்பெயார் சில்லுக் குழிக்குள் ஒரு பிடி ஈரப்பஞ்சு ஒட்டிக்கிடந்தது.

கார் இப்போது மதிலோரம் நிற்பதில்லை. அத்தான் நிலாவெளி வீதியோரத்தில் தெரிந்தவரின் கடை முன்னால் மழை நாட்களில் விடுகிறார், கடைக்காரருக்கும் இரவில் ஒரு வாகனம் நின்றால் நல்லதென்று நினைப்பு. வலது பின்சில்லில் ஒரு ஊளைச் சத்தம் 40க்கு மேல் போனால் கேட்கிறது. பெயாரிங்தான். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறோம், பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். வந்ததும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவேண்டும். இடது பக்கம் இன்னும் சத்தம் போடவில்லை என்றாலும் அதுவும் அதே சேற்றில்தானே நின்றது.